சுட்டுவிரலில் தெரியும் சமூக வளர்ச்சி: ஒன்றரை வயதில் கவனிக்க வேண்டியது என்ன?

திருவனந்தபுரம்: சங்குமுகம் கடற்கரையை ஒட்டி விமான நிலையம் அமைந்துள்ளதால் அங்கு விமானங்கள் தாழ்வாகப் பறப்பதைக் காணலாம். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அதைக் கண்டால் பெரும்பாலும் விரலை நீட்டும். உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கும். அதற்கு விமானம் வேண்டியதில்லை. தான் கண்டதைத் தாயும் காண வேண்டும் என்பதே அதன் விருப்பம். இதையே உளவியலாளர்கள் 'பகிர்ந்த கவனம்' என்கின்றனர்.

பிஸ்கட் டப்பாவைக் காட்டிக் கேட்பது வேறு. காகத்தைக் காட்டி மகிழ்வது வேறு. முன்னது தேவைக்காக, பின்னது பகிர்வதற்காக. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் பின்னது தாமதமாகிறது அல்லது அரிதாகவே தென்படுகிறது. சிலர் விரலால் சுட்டுவதற்குப் பதிலாகப் பெரியவரின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று பொருளின் மீது வைப்பதும் உண்டு. இருவரும் ஒன்றையே பார்க்கும் நொடியில்தான் 'காகம்' என்ற சொல் காகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இக்குறைவு பேச்சையும் பாதிக்கக்கூடும்.

குழந்தைகள் பெரியவரின் பார்வையைப் பின்தொடர்வதை ஸ்கைஃப், புரூனர் ஆகியோர் 1975-ல் ஆய்ந்து வெளியிட்டனர். 1992-ல் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் பிரிட்டனில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தம்பி, தங்கையர் 41 பேரை 18 மாத வயதில் சோதித்தனர். சுட்டிக்காட்டல், பாவனை விளையாட்டு உள்ளிட்ட திறன்களில் இரண்டோ அதற்கு மேலோ இல்லாத நால்வருக்கும் 30 மாதத்துக்குள் ஆட்டிசம் உறுதியானது. எனினும் பின்னர் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதே சோதனை நடத்தப்பட்டபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை அது தவறவிட்டது. சோதனையில் தேறியதாலேயே ஐயம் நீங்கிவிடாது.

திருவனந்தபுரத்துக்கு இத்துறையில் தனி இடம் உண்டு. இங்குள்ள குழந்தை வளர்ச்சி மையத்தின் நிறுவனர் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய 'திருவனந்தபுரம் வளர்ச்சிக் கண்டறி அட்டவணை' 1991-ல் வெளியானது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய அதில் 17 திறன்கள் உள்ளன. குழந்தையின் வயதுக்கு நேரே செங்குத்தாக ஒரு பென்சிலை வைத்தாலே எவை பின்தங்கியுள்ளன என்பது தெரிந்துவிடும். முதல் திறன் முகம் பார்த்துச் சிரித்தல். கடைசித் திறன் பொம்மையின் உறுப்புகளைச் சுட்டுதல். ஆனால் "மூக்கு எங்கே?" என்று கேட்டபின் சுட்டுவது விடை, கேளாமலே காட்டுவதே பகிர்வு. பொது வளர்ச்சித் தாமதத்தை அறிய எழுந்த அட்டவணையிடம் ஆட்டிசத்துக்கும் விடை எதிர்பார்ப்பது முறையன்று. அதற்குத் தனிக் கேள்விகள் தேவை.

சுட்டவில்லை என்பதாலேயே ஆட்டிசம் என்று முடிவுகட்டுவதும் தவறு. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தைக்கு முதலில் செவித்திறனைச் சோதிப்பது அவசியம். "இவனுடைய அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்ற ஆறுதலில் மாதங்கள் கழிவதே பெரும் இழப்பு. 'மன இறுக்கம்' என்று தமிழில் வழங்கும் பெயரும், ஏதோ மனக்கவலையால் வந்தது போன்ற மயக்கத்தைத் தருகிறது. ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது. பெற்றோரின் வளர்ப்பால் வருவதன்று.

பயிற்சியால் பயன் உண்டா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி அளித்தனர். குழந்தையின் போக்கை அனுசரித்துப் பேசப் பெற்றோர் கற்றனர். குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. ஆயினும் இருவரும் சேர்ந்து கவனம் செலுத்திய நேரம் குறைந்திருந்தது. பயன் உண்டு, எல்லாவற்றிலும் அல்ல.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இத்தகைய குழந்தைகளுக்கு இலவசப் பரிசோதனை செய்யப்படுகிறது. அங்கன்வாடி வழியாகவும் அங்கு அனுப்பப்படலாம்.