குழந்தைக்கு ஒரு பாத்தி கொடுங்கள்!

வீட்டுத் தோட்டம் போடும் தாய்மார்களுக்குச் சில யோசனைகள்

“கீரை வேண்டாம்!”

பல வீடுகளில் மத்தியானச் சாப்பாடு இப்படித்தான் தொடங்குகிறது.

அம்மா கெஞ்சுகிறாள், கொஞ்சுகிறாள், காக்கையைக் காட்டுகிறாள். இந்தக் காலத்தில் செல்போனையும் காட்டுகிறாள். பிள்ளை வாயைத் திறப்பதில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. கீரையைத் தட்டில் வைத்த பிறகு போராடாதீர்கள். அதற்கு 25 நாள் முன்பே தொடங்குங்கள். தட்டில் அல்ல, மண்ணில்!

பிள்ளையின் கையில் ஒரு பிடி விதையைக் கொடுங்கள். “இந்த இடம் உன்னுடையது” என்று சொல்லுங்கள். பிறகு நடப்பதைப் பாருங்கள்.

பள்ளித் தோட்டங்களைப் பற்றிப் பல நாடுகளில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். தாங்களே பயிர் செய்த குழந்தைகள், அந்தக் காய்கறியை ருசி பார்க்கவாவது துணிகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். ருசி பார்க்க வாய் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரத்தம் இல்லாத பிள்ளைகள்

இது விளையாட்டுச் சங்கதி அல்ல.

2019–21-ம் ஆண்டுகளில் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 100 குழந்தைகளில் 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது!

ரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்து கிடக்கும். விளையாடாது. பாடத்தில் மனம் செல்லாது. அடிக்கடி நோயில் விழும்.

முருங்கைக் கீரையிலும் அரைக்கீரையிலும் இரும்புச் சத்து உண்டு. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ‘ஏ’யாக உடலில் மாறும் சத்தும் உண்டு. அந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வரும்.

கீரை மட்டுமே ரத்தசோகையைப் போக்கிவிடாது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுக்கும் இரும்புச் சத்து மருந்தைக் கொடுக்க வேண்டும். குடற்புழு மாத்திரையும் கொடுக்க வேண்டும். ஆனால் மருந்து சில நாளைக்கு, சாப்பாடு தினமும். தினமும் சாப்பிடும் பழக்கம் சிறு வயதிலேயே வர வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

“எங்களுக்கு இடம் ஏது?” என்று கேட்பீர்கள்.

கொல்லைப்புறம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாசல் ஓரம் போதும். அதுவும் இல்லையா? மொட்டை மாடியில் நாலு தொட்டி வையுங்கள். உடைந்த வாளி, பழைய சாக்கு, எதுவானாலும் சரி. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். பெயிண்டும் பூச்சிமருந்தும் இருந்த டப்பா மட்டும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணி நேரம் வெயில் விழ வேண்டும். இது முக்கியம்.

குழந்தையின் பாத்தி சிறியதாக இருக்கட்டும். இரண்டடி அகலம், மூன்றடி நீளம். இந்தப் பக்கம் நின்றால் நடுவரையில் கை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பிள்ளை பாத்திக்குள் இறங்கிவிடும், முளை மிதிபடும்.

மண்ணைக் கொத்திக் கட்டியை உடையுங்கள். மக்கிய எருவைக் கலந்துவிடுங்கள். தொட்டியானால் செம்மண், மணல், எரு மூன்றையும் சம பங்காகக் கலக்கலாம்.

முதலில் கீரைதான்!

குழந்தைக்குப் பொறுமை குறைவு. இன்று விதைத்தால் நாளைக் காலையில் போய்ப் பார்க்கும். மாமரம் வைத்துக் கொடுத்தால் அது காய்க்கும்போது பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும்!

ஆகையால் முதல் பயிர் சிறுகீரையோ முளைக்கீரையோதான்.

விதை பொடியாக இருக்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவச் சொல்லுங்கள். மேலே லேசாக மண் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். எறும்பும் விதையை இழுத்துப் போகும். பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி வையுங்கள்.

ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். சுமார் 25-ம் நாள் கீரை தயார். அரைக்கீரையானால் வேரோடு பிடுங்க வேண்டாம். அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பல முறை அறுக்கலாம்.

அடுத்த பயிர் வெண்டை. விதை பெரியது. குழந்தையின் விரலுக்கு ஏற்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஊன்றச் சொல்லுங்கள். கணக்கும் வரும்! ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கத் தொடங்கலாம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். விட்டுவிட்டால் முற்றி நாராகிவிடும்.

பிறகு அவரைப் பந்தல். அதன் பிறகு தக்காளி, கத்தரி. இவற்றை நாற்றுவிட்டுப் பிடுங்கி நட வேண்டும்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். ஆடியும் தையும் காய்கறிக்கு நல்ல பட்டங்கள். கீரைக்கு அந்தக் கவலை இல்லை. கொட்டும் மழை தவிர எந்த நாளிலும் விதைக்கலாம்.

இடம் இருந்தால் ஒரு முருங்கை வையுங்கள். கிளையை வெட்டி நட்டாலும் வரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கண்ட பி.கே.எம்.1 ரகம் விதையிலிருந்தே வரும். ஆறே மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

‘கே.ஜி.’ என்றால் என்ன?

இன்று தெருவுக்குத் தெரு கே.ஜி. வகுப்பு இருக்கிறது. அந்தப் பெயரின் பொருள் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘கிண்டர்கார்டன்’ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம்தான் கே.ஜி. அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்!

ஜெர்மனி நாட்டில் பிரடெரிக் பிரீபல் என்ற ஆசிரியர் இருந்தார். 1837-ல் சிறு குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1840-ல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். பெயரோடு நிற்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி ஒதுக்க வேண்டும் என்றார். எல்லாரும் சேர்ந்து பார்க்கும் பொதுப் பாத்தியும் வேண்டும் என்றார். தன் பொருளைக் காப்பதும், பிறர் பொருளைக் காப்பதும் இரண்டும் பழக வேண்டும் அல்லவா?

இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரியும் இதையே வற்புறுத்தினார். அந்த அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்தார். உலக யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். சில காலம் கொடைக்கானலில் குழந்தைகளோடு இருந்தார். விதைத்துவிட்டுக் காத்திருக்கும் குழந்தைக்குப் பொறுமையும் நம்பிக்கையும் தாமே வந்துவிடும் என்பது அவர் கருத்து.

கே.ஜி. வகுப்பில் இன்று புத்தகம் இருக்கிறது, பை இருக்கிறது, வீட்டுப் பாடமும் இருக்கிறது. தோட்டத்தைத்தான் காணோம். அதை நாம் வீட்டிலே வைத்துக் கொடுக்கலாம்.

வயதுக்கு ஏற்ற வேலை

இரண்டு வயதுப் பிள்ளை தண்ணீர் ஊற்றும். பாதி செடிக்கும், பாதி தன் காலுக்கும்! ஊற்றட்டும்.

மூன்று, நாலு வயதில் வெண்டை, அவரை விதைகளை ஊன்றலாம்.

ஐந்து, ஆறு வயதில் களை பிடுங்கலாம், காய் பறிக்கலாம். கீரை எது, களை எது என்று முதலில் காட்டிக் கொடுங்கள்.

ஏழு, எட்டு வயதில் எழுதலாம். விதைத்த நாளைக் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். செடி எத்தனை விரற்கடை வளர்ந்தது என்று அளக்கச் சொல்லுங்கள். ஓர் அட்டையில் பயிரின் பெயரை எழுதிப் பாத்தியில் குத்தி வைக்கட்டும். புதிதாக எழுதப் படித்த தாய்மார்களும் பிள்ளையோடு சேர்ந்து எழுதலாம். இருவருக்கும் எழுத்துப் பழக்கம் ஆகும்.

ஒரு விஷயம். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பெண் பிள்ளை, விளையாட ஆண் பிள்ளை என்று பிரிக்காதீர்கள். இருவருக்கும் பாத்தி உண்டு. இருவருக்கும் வேலை உண்டு. அப்பாவுக்கும் உண்டு! மண்ணைக் கொத்துவதும் பந்தல் போடுவதும் அவர் பொறுப்பாக இருக்கட்டும். எல்லா வேலையும் அம்மா தலையில் விழுந்தால் தோட்டம் ஒரு மாதத்தில் காய்ந்துவிடும்.

அவனைக் கேட்டுப் பறியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

பாத்தி உன்னுடையது என்று சொல்லிவிட்டீர்கள். கீரை வளர்ந்துவிட்டது. அவன் பள்ளிக்குப் போயிருக்கும்போது நீங்களே பறித்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். அவன் மாலையில் வந்து வெறும் பாத்தியைப் பார்த்தால் என்ன நினைப்பான்? அடுத்த முறை விதையைத் தொடமாட்டான்.

“நாளைக்கு உன் கீரையைச் சமைக்கலாமா, கண்ணு?” என்று கேளுங்கள். அவன் பறித்துத் தரட்டும். அவனே கழுவட்டும். சாப்பிடும்போது, “இது தம்பி பாத்திக் கீரை” என்று தாத்தாவிடம் சொல்லுங்கள். அப்புறம் அவனுக்கு ஊட்ட வேண்டிய தேவை இருக்காது.

கீரையில் சிறிது எண்ணெய் சேர்க்க வேண்டும். அப்போதுதான் வைட்டமின் ‘ஏ’ சத்து உடம்பில் சேரும். எலுமிச்சை, நெல்லி, தக்காளி இவற்றில் ஒன்று கூட இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் கொடுக்காதீர்கள். அது இரும்புச் சத்தைத் தடுத்துவிடும்.

செடி பட்டுப்போனால்?

வேர் விட்டதா என்று பார்க்கப் பிள்ளை நாற்றைப் பிடுங்குவான். அடிக்காதீர்கள். அவனுக்குத் தெரிய வேண்டியது அதுதான். இன்னும் நாலு விதை கொடுத்து, “இதைப் பிடுங்காமல் பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.

சில செடி பட்டுப்போகும். பிள்ளை அழும். உடனே புதுச் செடி வாங்கி இரவோடு இரவாக நட்டு ஏமாற்றாதீர்கள். ஏன் பட்டது என்று கூட உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் இல்லையா? தண்ணீர் அதிகமா? புழுவா? காரணம் தெரிந்தால் மறுபடி விதைக்கத் தைரியம் வரும். தோல்வியைத் தாங்கும் பழக்கம் வேறு எங்கே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்?

செலவு அதிகம் இல்லை

அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். காய்கறித் தோலையும் வாழைப்பழத் தோலையும் காய்ந்த இலையோடு ஒரு குழியில் போட்டு மூடுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் மக்கி எருவாகிவிடும்.

பூச்சி வந்தால் கடை மருந்துக்கு ஓடாதீர்கள். பிள்ளை பறித்தபடியே வாயில் போட்டுக்கொள்ளும் தோட்டம் இது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்ப எண்ணெயும், சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளிக்கும்போது பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள். பறித்ததை நன்றாகக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

எச்சரிக்கை!

அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு இவை மூன்றும் விஷம். காட்டாமணக்கு விதையைக் கொட்டை என்று நினைத்துத் தின்று குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போவது உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் கொடிய நஞ்சுதான். பூ அழகாக இருக்கிறது என்று இவற்றைக் குழந்தைகளின் தோட்டத்தில் வைக்காதீர்கள்.

தண்ணீர் நிறைந்த வாளியும் தொட்டியும் திறந்து கிடக்கக் கூடாது. தவழும் குழந்தை ஒரு வாளித் தண்ணீரிலும் மூழ்கிவிடும்.

தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை கவிழ்த்துத் துடையுங்கள்.

முருங்கைக் கிளை பட்டென்று முறியும். பிள்ளை ஏறக் கூடாது. கம்பளிப்பூச்சி வரும் காலத்தில் மரத்தடிக்கே விடாதீர்கள்.

மண்ணில் இறங்கும்போது காலில் செருப்பு வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கீரை கொடுத்த ரத்தத்தைக் குடற்புழு குடித்துவிடும்!

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்

விதை வாங்கப் பெரிய பட்டணம் போக வேண்டாம். பக்கத்து விதைக் கடை போதும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் யோசனை கேட்கலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவும் இருக்கிறார். மாலையில் வெயில் தாழ்ந்ததும் ஒரு மண்வெட்டியை எடுங்கள். இரண்டடிக்கு மூன்றடி மண்ணைக் கொத்துங்கள். நாலு மூலைக்கும் நாலு குச்சி நடுங்கள்.

பிள்ளையைக் கூப்பிட்டு விதையைக் கையில் கொடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முளை வந்துவிடும். அதை முதலில் பார்ப்பது நிச்சயம் நீங்களாக இருக்க மாட்டீர்கள்!