குஞ்சைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்!

ஒகேனக்கல்லுக்குச் சென்று வந்தோர் வாளை மீனை அறியாதிருக்க இயலாது. தட்டைத் தலையும், கண்ணுக்குப் பின்வரை பிளந்த வாயும், நீண்ட மீசையும் உடைய அம்மீன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும் இயல்பினது. ஆற்றில் தன்னைவிடச் சிறிய மீன் எதுவாயினும் அதற்கு இரையே. இத்தகைய மீனைத் தம் வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்கப் போவதாக ஒருவர் சொன்னால் நாம் நகைப்போம். ஆயினும், அதே அளவுக்கு வளரக்கூடிய அயல்நாட்டு மீனை, விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போது பாலித்தீன் பையில் கட்டி நம் பிள்ளைகள் வாங்கி வருகையில், நம்மில் எவரும் நகைப்பதில்லை. பிறந்தநாள் பரிசென்று மகிழ்ந்து, பழைய தொட்டியைக் கழுவி நீர் நிரப்புகிறோம்.

சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் இன்று கிடைக்கும் இரைபிடி மீன்கள் பல. ஆஸ்கார், அரோவானா, சிவப்பு வால் கெளுத்தி ஆகியன அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை. முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் வட அமெரிக்காவைச் சேர்ந்தது. கடையில் இவை யாவும் ஏறத்தாழ ஒரே அளவினவாகத் தோன்றும். வளர்ந்த பின்னரோ ஆஸ்கார் ஓரடியைத் தொடும். அரோவானா மூன்றடியை எட்டும். சிவப்பு வால் கெளுத்தி ஒரு மீட்டரைத் தாண்டும். அலிகேட்டர் காரைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்ட ஒன்று எட்டடிக்கு மேல் நீளமும் 148 கிலோ எடையும் கொண்டிருந்தது. ஆகவே, தொட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது பையிலுள்ள குஞ்சன்று. அதன் முழு வளர்ச்சியே.

"தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்" என்று கடைக்காரர் சிலர் கூறுவதுண்டு. இது பாதி உண்மை. முழு உண்மையைவிடக் கேடு செய்யும் பாதி. குறுகிய தொட்டியில் மீனின் வளர்ச்சி குன்றுவது மெய்யே. தன் கழிவிலேயே தான் கிடப்பதாலும், திரும்ப இடமின்றி ஓயாத அழுத்தத்திற்கு உள்ளாவதாலும் அது குன்றுகிறது. முதுகு வளைந்து, ஆயுள் குறுகி மாய்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் வாழவேண்டிய ஆஸ்கார் இரண்டே ஆண்டுகளில் இறந்தால், அது தொட்டிக்கு இசைந்துவிட்டது என்று சொல்வது முறையாகுமா?

நீளத்தைக் கொண்டு மட்டும் மீனை அளப்பதும் தவறான கணக்கே. மீனின் நீளம் இரு மடங்கானால் அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். மூன்று அங்குலக் கெளுத்திக் குஞ்சு முப்பது அங்குலமாக வளரும்போது எடை ஆயிரம் மடங்காகிறது. உண்ணும் இரையும் விடும் கழிவும் அதற்கேற்பப் பெருகுகின்றன. ஊன் உண்ணும் மீனின் கழிவில் அம்மோனியா மிகுதி. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றால் இயன்ற அளவுக்கு மேல் கழிவு சேர்ந்தால், தெளிந்து தோன்றும் நீரும் நஞ்சே. எனவே பெரிய தொட்டி என்பது ஆடம்பரமன்று. நஞ்சு உடனே செறிந்துவிடாதிருக்கத் தேவையான இடைவெளி.

கணக்குக்கு வருவோம். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட இடத்தில் ஏறத்தாழ 28 லிட்டர் நீர் கொள்ளும். கடைகளில் மிகுதியாக விற்கும் இரண்டடித் தொட்டியில், அகலமும் உயரமும் ஓரடியாயின், 56 லிட்டர்தான் அடங்கும். ஓர் ஆஸ்காருக்கு நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும், அதாவது 250 லிட்டரேனும் வேண்டும். அரோவானாவுக்கு ஆறடி நீளம் தொடக்கமே. எட்டடி இருந்தால் நன்று. இங்கே பெரும்பாலோர் மறப்பது அகலம். நீளமான தொட்டியைக் கண்டு நாம் மகிழ்கிறோம். மீனுக்குத் தேவையோ திரும்பும் இடம். மூன்றடி மீன் இரண்டடி அகலத்தில் ஒவ்வொரு முறையும் உடலை மடித்துத்தான் திரும்ப வேண்டும். அரோவானாவின் உடல் ஓரளவு வளையும். அலிகேட்டர் காரின் உடலோ கடினமான செதில்களால் கவசமிட்டது, எளிதில் வளையாது. அந்த மீனுக்கும் சிவப்பு வால் கெளுத்திக்கும் ஏற்ற வீட்டுத் தொட்டி என ஒன்று இல்லை என்பதே என் துணிபு. குளம் வெட்ட இயலாதவர் அவற்றை விட்டுவிடுதல் நலம்.

உயரத்தைக் கூட்டினால் போதாதோ என்பர் சிலர். உயர்ந்த தொட்டி கண்ணுக்கு அழகு. ஆனால் நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தே மிகுவதால், உயரம் கூடக்கூடக் கண்ணாடியின் தடிப்பையும் கூட்டியாக வேண்டும். மீனுக்கும் அதனால் பெரும்பயன் இல்லை.

அடுத்தது எடை. ஆறடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி உயரமும் கொண்ட தொட்டியில் 680 லிட்டர் நீர்; அதாவது 680 கிலோ. கண்ணாடி, மணல், தாங்கி யாவும் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். அத்தனையும் பன்னிரண்டு சதுர அடித் தரையின்மேல் அமரும். நம் நாட்டில் வீட்டு மாடித் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பளுவைக் கணக்கிட்டே கட்டப்படுகின்றன. இத்தொட்டியோ அதைப் போல் நான்கு மடங்கு சுமத்தும். கீழ்த்தளத்தில் வைப்பதே அறிவுடைமை. மாடியில் வைத்தே தீரவேண்டும் என்போர் முதலில் பொறியாளரைக் கேட்கட்டும்.

நம் மாவட்டத்தினர் இதற்கும் மேலாக எண்ண வேண்டியது நீரை. இத்தொட்டியில் வாரம் ஒருமுறை மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம், 225 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் பதினைந்து குடம்! நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களில் கறையும் எலும்புகளில் நோயும் கண்ட ஊர்கள் நிறைந்தது தருமபுரி. அதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பெற்றது. தெருக்குழாயில் முறை வைத்துப் பிடிக்கும் அந்த நீரில் பதினைந்து குடத்தை மீனுக்கு ஊற்ற எந்த இல்லத்தரசி இசைவார்? இசைந்தாலும் அதில் குளோரின் கலந்திருக்கும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த பின்னரே தொட்டிக்கு ஆகும். கோடையில் வேறொரு தொல்லை. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. வெயில் கொளுத்தும் பிற்பகலில் மின்சாரம் நின்று காற்றுக் குழாயும் ஓய்ந்தால், நெருக்கடியான தொட்டியில் பெரிய மீனே முதலில் திணறும்.

அளவு போதாது என்று உணரும் காலத்தில் என்ன நிகழ்கிறது? பெரும்பாலான வீடுகளில் மீனைக் கொல்ல மனம் வருவதில்லை. இரக்கத்தால் உந்தப்பட்டு ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். இந்த இரக்கம் கொடியது. 2018இல் கேரளத்தைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமாவும் அலிகேட்டர் காரும் அங்குள்ள ஆறுகளில் வலைப்பட்டன. 2023இல் போபாலிலும், காசுமீரத்து தால் ஏரியிலும் அலிகேட்டர் கார் அகப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியோ இன்றளவும் நம் நீர்நிலைகளை விட்டு அகலவில்லை.

காவிரிக்கு இத்துன்பம் புதிதன்று. அவ்வாற்றிலும் அதன் துணையாறுகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் வாழாத கூனல் முதுகு மகசீர் என்னும் மீன் உண்டு. ஐம்பது கிலோவுக்கு மேலும் வளர்ந்த பெருமீன். மகசீர் இனம் குறைகிறதே என்ற கவலையால், நன்னோக்குடனேயே, மராட்டிய மாநிலத்து லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைக் கொணர்ந்து காவிரியில் விட்டனர். வந்த இனம் பெருகியது. சொந்த இனம் அருகியது. அணைகளும் வெடிவைத்து மீன் பிடிப்போரும் எஞ்சியதைக் குறைத்தனர். 2018இல் அம்மீன் அழிவின் விளிம்பிலுள்ள இனமெனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் ஏறியது. நல்லெண்ணத்தோடு விட்ட உறவு மீனே இத்தனை செய்யுமாயின், ஒகேனக்கல் மடுவில் ஒருவர் கொட்டிச் செல்லும் சிவப்பு வால் கெளுத்தி என்ன செய்யும்?

வளர்ந்துவிட்ட மீனை வைத்திருப்போர் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய சிமெண்டுத் தொட்டி உடையோரை நாடலாம். மீன்வளத்துறை அலுவலகத்தில் வழி கேட்கலாம். ஆற்றங்கரை மட்டும் வேண்டா.

இன்னும் வாங்காதவர்க்கு ஒரு சொல். வேட்டையாடும் மீனின் அழகைப் பிள்ளைகள் காண வேண்டுமாயின், நம் வயல் வாய்க்கால்களில் வாழும் குரவை போதுமே! ஊர்ப்புறத்தில் கொரவை என்பர். பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். நான்கடித் தொட்டி அதற்கு மாளிகை. தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும் இயல்புடையது. துள்ளிக் குதிக்கும் மீனாதலால் தொட்டிக்கு மூடி தேவை. ஆனால் மூடிக்கும் நீருக்கும் இடையே நான்கு விரற்கடை இடம் விடுங்கள். குரவை அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே உயிர் வாழ்கிறது. விளிம்புவரை நீர் நிரப்பி மூடினால் மீனும் மூச்சுமுட்டி இறக்கும்.