கோபம் ஷூ மேல இல்லை!

காலை ஏழரை மணி. ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. குழந்தையின் ஒரு ஷூவைக் காணோம். அம்மா கத்திவிடுகிறார். கோபம் ஷூ மீது அல்ல. மூன்று வாரமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை.

மன அழுத்தம் இப்படித்தான் எட்டிப் பார்க்கும். கழுத்து வலி, மறதி, எரிச்சல், ஓயாத சோர்வு... அட்ரினலின், கார்ட்டிசால் ஹார்மோன்கள் ஆபத்து நேரத்தில் உடலை உஷார்படுத்துபவை. நாள்கணக்கில் அடங்காவிட்டால் தூக்கமும் செரிமானமும் கெடும்.

மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள், படபடப்பு தணியும். தினமும் அரை மணி நடை, மாலைக்குப் பிறகு காபிக்குத் தடை. வீட்டு வேலையைப் பங்கு போடுவதும் மருந்துதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஷூ? சோபாவுக்கு அடியில்தான் இருந்தது.