புதுக் கணினியில் ஏறி உட்கார்ந்திருப்பது யார்?

நம் கணினி, நம் கையில் – 12

கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் லேப்டாப் வியாபாரம் சூடுபிடிக்கும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் இருக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் எனச் சேரும் பிள்ளைகளில் பலருக்கு, வீட்டுக்குள் வரும் முதல் கணினி அதுதான். நகையை அடகு வைத்தும் மாதத் தவணை போட்டும் பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது என்று சென்ற வாரம் சொன்னேன். வாங்கிய பெட்டியைப் பிரித்தவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை இந்த வாரம் பார்ப்போம்.

புதுக் கணினியைத் திறந்தால் நாம் கேட்காத சரக்கு உள்ளே நிறைய இருக்கும். முப்பது நாளோ ஒரு வருடமோ ஓடும் டிரையல் ஆண்டி வைரஸ், நாலைந்து விளையாட்டுகள், திரைப்படச் செயலிகள், கடைகளுக்கு இழுத்துச் செல்லும் இணைப்புகள், கணினி நிறுவனத்தின் சொந்தக் கருவிகள் ஏழெட்டு. இதில் பாதி, கணினியை ஆன் செய்தவுடன் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். குறைந்த விலை லேப்டாப்பில் ராம் 8 ஜிபிதான். மாணவர் ஒரு ஃபைலைத் திறப்பதற்கு முன்பே அதில் ஒரு பங்கு போய்விடுகிறது.

மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பி வந்தது. ‘உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு இல்லை, உடனே புதுப்பியுங்கள்’ என்று ஆங்கிலத்தில் மிரட்டல், கீழே பணம் கட்டும் பொத்தான். மூடினால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. “அப்பா கட்டிடலாம்னு சொல்றாரு சார், கட்டலைன்னா கெட்டுப் போயிடுமா?” என்று கேட்டாள். கெட்டுப் போகாது. விண்டோஸிலேயே டிஃபென்டர் என்ற பாதுகாப்பு இருக்கிறது. டிரையல் ஆண்டி வைரஸை நீக்கியதும் அது தானாகவே வேலைக்கு வந்துவிடும். இந்தச் சின்னத் தகவல் தெரியாததால்தான் அந்த வீட்டில் பயம் வந்தது. பயத்தைக் காட்டிப் பணம் வாங்குவதை நான் வியாபாரம் என்று ஏற்க மாட்டேன்.

இவையெல்லாம் ஏன் உள்ளே வருகின்றன? குறைந்த விலைக் கணினியில் தயாரிப்பாளருக்கு லாபம் மிகக் குறைவு. அதை ஈடுகட்ட, சாஃப்ட்வேர் நிறுவனங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுடைய சரக்கை ஏற்றி அனுப்புகிறார்கள். 2008இல் சோனி நிறுவனம் வயோ லேப்டாப் வாங்குகிறவர்களிடம், ஏறக்குறைய 50 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் இவற்றை நீக்கித் தருவதாகச் சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். உடனே அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. சுத்தமான கணினி தர அவர்களால் முடியும் என்பது அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

தொந்தரவு என்ற அளவில் நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்தும் இருக்கிறது. 2014இல் லெனோவோ தன் லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது. நாம் பார்க்கும் பக்கங்களில் விளம்பரம் செருகுவது அதன் வேலை. அதற்காக வங்கித் தளங்கள் பயன்படுத்தும் பூட்டுப் போட்ட இணைப்புக்குள்ளேயே அது நுழைந்தது. கணினி நம்பக்கூடிய சான்றிதழ் ஒன்றைத் தானே நட்டுவைத்தது. எல்லா லேப்டாப்பிலும் அதன் ரகசியச் சாவி ஒன்றே. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியானதும், ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு நிபுணர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஒரே வைஃபையில் இருக்கும் எவரும் அடுத்தவருடைய வங்கிப் பரிமாற்றத்தை வேவு பார்க்க வழி திறந்தது. மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் உள்ளேயே இருந்தது. 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் லெனோவோ சமரசம் செய்துகொண்டு, மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டியது. 2016இல் டுவோ செக்யூரிட்டி நிறுவனம் ஏசர், ஏசுஸ், டெல், ஹெச்பி, லெனோவோ ஆகிய ஐந்தின் அப்டேட் கருவிகளைச் சோதித்தது. ஐந்திலும் ஓட்டை இருந்தது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று திறங்கள். பட்டியலை மேலிருந்து கீழே நிதானமாகப் படியுங்கள். டிரையல் ஆண்டி வைரஸ், விளையாட்டுகள், கடைச் செயலிகள் ஆகியவற்றின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு அன்இன்ஸ்டால் கொடுங்கள். சில ஆண்டி வைரஸ் அரைகுறையாகத்தான் போகும். அதை முழுமையாக நீக்கும் கருவியை அந்தந்த நிறுவனமே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. அடுத்து, ஆப்ஸ் பக்கத்திலேயே ஸ்டார்ட்அப் என்பதைத் திறந்து, தானாக ஓட வேண்டாதவற்றை அணையுங்கள்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் படிக்கும் பிள்ளைகள் இன்னும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். அந்த வைஃபை இணைப்பின் செட்டிங்ஸில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்யுங்கள். நாளுக்கு இவ்வளவு என்று வரும் டேட்டாவை அப்டேட்டுகள் விழுங்குவது பெரிதும் குறையும். ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் இலவச இடம் 5 ஜிபிதான். நிரம்பியதும் பணம் கேட்கும். வேண்டாமென்றால் அதன் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் ஃபைல்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக் கூடாதவையும் உண்டு. டிரைவர், சிப்செட், ஆடியோ, டச்பேட், விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று பெயர் இருந்தால் விட்டுவிடுங்கள். பயாஸ் அப்டேட் தரும் கருவி ஒன்றும் இருக்கட்டும். சில லேப்டாப்களோடு எம்.எஸ். ஆபீஸ் வாழ்நாள் உரிமத்துடன் வருகிறது. பெட்டியிலும் பில்லிலும் எழுதியிருக்கும். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். வேண்டாத சரக்கு என்று நினைத்து நீக்காமல், குறித்த காலத்துக்குள் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஒரே கிளிக்கில் சுத்தம்’ என்று யூடியூபில் வரும் கிளீனர்களையும் ஸ்கிரிப்டுகளையும் நம்பி இறக்காதீர்கள். குப்பையை அள்ள வந்தவனே குப்பை கொட்டிவிட்டுப் போவான்.

முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை இறக்கி நிறுவலாம். உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே வகை விண்டோஸை நிறுவினால் மறுபடியும் காசு கேட்காது. வைஃபை டிரைவரை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தெரிந்தவருக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். விழுப்புரத்திலேயே, குனு/லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பயனர் குழு இருக்கிறது. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள். கணினியில் ஓடும் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்க்கவும், வேண்டாததை எடுக்கவும் பயன்படுத்துகிறவருக்கு உரிமை உண்டு என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் அடிப்படை. சென்னை போன்ற பெருநகரத்தில் இப்படி ஒரு குழு இருப்பதில் வியப்பில்லை. விவசாயக் குடும்பங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் இருப்பதை நான் பெருமையாகவே சொல்வேன்.

அரசுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லட்சக்கணக்கில் கணினி வாங்கியது. 2025–26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் என்று அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இத்தனை லட்சம் வாங்குகிறவர் சொன்னால் எந்த நிறுவனமும் கேட்கும். டிரையல் சரக்கும் விளம்பரச் செயலியும் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று டெண்டரில் ஒரு வரி எழுதினால் போதும். அரசு தரும் கணினி, பிள்ளையிடம் பணம் கேட்டுத் தொல்லை தரும் கணினியாக இருக்கக் கூடாது.

கடையில் வாங்குகிறவர்களும் கேட்கப் பழகுங்கள். “என்னென்ன ஏற்றியிருக்கிறீர்கள்? எதையெல்லாம் நீக்கித் தருவீர்கள்?” என்று பில் போடுவதற்கு முன்பே கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். முழு விலையும் கொடுத்தவர் நீங்கள். அந்தக் கணினியில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவரும் நீங்கள்தான்.

(தொடரும்)