பட்டம் இருந்தும் கத்தி எடுக்க முடியாது

பிரித்தானியாவில் கால்நடை வைத்தியராகத் தொழில் செய்யப் பட்டம் மட்டும் போதாது. கால்நடை வைத்தியர்களின் ரோயல் கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

கட்டணத்துக்கான கடைசி நாள் மார்ச் 31. மே மாத முடிவுவரை செலுத்தாவிட்டால் பெயர் நீக்கப்படும். இருபது வருட அனுபவசாலியானாலும், அதன்பின் ஒரு நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்தால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவசர முதலுதவி மட்டும் யாரும் செய்யலாம். மீளச் சேர்வதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

ஆண்டுக்கு 35 மணித்தியாலத் தொடர்கல்வியும் கட்டாயம். முன்னர் மூன்று ஆண்டுகளுக்கு 105 மணித்தியாலம் என்றிருந்தது. கணக்கு ஒன்றுதான், ஆனால் கடைசி வருடத்துக்குத் தள்ளிப்போடும் வழி 2020இல் அடைபட்டது. நல்ல மாற்றம்தான்.

தமது வைத்தியரின் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்பதைச் செல்லப்பிராணி வளர்ப்போர் கல்லூரியின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.