இணையப் பக்கங்களுக்கும் பிரதி வேண்டும்

காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செய்திகளையும் அறிக்கைகளையும் திரட்ட நான் ஒரு சிறிய பைதன் நிரலைப் பயன்படுத்துகிறேன். ஒருமுறை எடுத்த பக்கத்தை அது என் கணினியிலேயே சேமித்துவிடும். இதைத்தான் ‘கேச்’ என்கிறார்கள்.

அடுத்த முறை நிரல் முழுப் பக்கத்தையும் கேட்பதில்லை. சேவையகம் முன்பு தந்த ‘ஈடேக்’ அடையாளத்தை அனுப்பி, பக்கம் மாறியிருக்கிறதா என்று மட்டும் கேட்கும். மாறாவிட்டால் 304 என்ற குறியீடு மட்டும் வரும். டேட்டா மிச்சம், அந்தத் தளத்துக்கும் சுமை குறைவு.

பக்கம் மாறியிருந்தால், வழமையான கேச் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும். வானிலைச் செய்திக்கு அது போதும். ஆனால் ஒரு பட்டியலில் இருந்து பெயர் நீக்கப்பட்டால், அதற்குச் சான்று பழைய பக்கம்தான். ஆகவே என் நிரல் எதையும் அழிப்பதில்லை. ஒவ்வொரு பிரதியையும் முகவரி, எடுத்த திகதி, நேரத்துடன் தனிக் கோப்பாக வைக்கிறது. மூலப் பக்கம் மறைந்து 404 வந்தாலும் பிரதி இருக்கும்.

அந்தப் பிரதியை நானே மாற்றியதாக யாரும் சொல்லலாம். எனவே முக்கியமான பக்கங்களை ‘வேபேக் மெஷினிலும்’ பதிவுசெய்கிறேன். இன்னொரு பிரதி வேறோர் ஊரில், வேறொருவர் வீட்டில் இருக்கிறது. 1981 இல் யாழ். நூலகத்தோடு எரிந்த சுவடிகள் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.