ராக்கெட்டுக்கு எதுக்கு குலசேகரன்பட்டினம்?

ஸ்ரீரங்கத்துலேருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: “ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது, தூத்துக்குடி மாவட்டத்துல இன்னொரு ஏவுதளம் எதுக்கு?”

2022 கடைசியில நம்ம காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினாங்களே, ஞாபகம் இருக்கா? சத்திரத்துலேருந்து ஸ்ரீரங்கம் கூப்பிடு தூரம்தான். ஆனா கார்ல போறவங்க பைபாஸ் பாலம் வழியா சுத்தினாங்க. பெட்ரோல் தண்டம்.

ராக்கெட்டுக்கும் அதே சிக்கல்தான். பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களுக்கு மேலே சுற்றும். அதுக்குத் தெற்கு நோக்கி ஏவணும். ஆனா ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே இலங்கை இருக்கு. எரிந்து முடிந்த பாகங்கள் அங்கே விழக்கூடாது. அதனால முதல்ல தென்கிழக்கே போய், அப்புறம் தெற்கே திரும்பணும். அந்த வேகத்துல திசை மாத்த எரிபொருள் நிறைய செலவாகும்.

சுமார் 320 டன் பி.எஸ்.எல்.வி. அதைத் தாங்கிக்கும். வெறும் 120 டன் எஸ்.எஸ்.எல்.வி.க்கு, சுமக்கிற எடையிலேயே கை வைக்கும்.

குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல். நேராப் போகலாம். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியாச்சு.

கூடுதலா எடை ஏத்தினா என்ன பெரிய லாபம்னு தோணலாம். 2023 பிப்ரவரியில எஸ்.எஸ்.எல்.வி.யில போன ஆசாதிசாட்-2, 750 பள்ளி மாணவிகளோட உழைப்பு. அதோட எடையே 8.7 கிலோதான்!

இன்னொரு பக்கமும் இருக்கு. ஏவும் நேரத்துல அந்தக் கடல்ல மீன்பிடிக்க முடியாது. மிச்சமாகும் எரிபொருளைக் கணக்குப் போடும்போது, மீனவர்களோட அந்த ஒருநாள் வருமானத்தையும் சேர்த்தே போடணும்.